சின்னவளுக்கு எடிட்டிங் கிடைத்திருக்கிறது

செம்பூர்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

எட்டு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டுவதற்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன். முட்டிவலி அப்படியே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். சோடாபுட்டி மகன் கல்யாணத்துக்கு வராதது என் தப்புதான், அவனிடம் நீயே சொல்லிச் சமாளி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்குப் பூனா ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இடம் கிடைத்துவிட்டது. உடனே ஜிகர்தண்டா கடைக்குக் கிளம்பிவிடாதே. அவள் கேட்டது டைரக்‌ஷன், கிடைத்தது எடிட்டிங். மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். "யாரோ எடுத்ததை வெட்டி ஒட்டிக் கொடுக்க மூணு வருஷம் படிக்கணுமாப்பா?" என்கிறாள். வெட்டி ஒட்டியே இரண்டு வருஷம் வயிறு கழுவியவனிடம் கேட்கிற கேள்வியா இது!

நேற்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து எடிட்டர் ரேணு சலூஜா கதையைச் சொன்னேன். அவரும் அதே பூனாவுக்கு டைரக்‌ஷன் கேட்டுப் போனவர்தான். கிடைக்கவில்லை, 1974இல் எடிட்டிங்கில் சேர்ந்தார். விது வினோத் சோப்ரா, குந்தன் ஷா, சயீத் மிர்ஸா என்று பின்னால் டைரக்டரானவர்கள் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்கள். ரேணு எடிட் செய்த முதல் படம் மிர்ஸாவின் 'ஆல்பர்ட் பிண்ட்டோ'. பிறகு 1983 என்ற ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் 'அர்த் சத்யா', இன்னொரு பக்கம் 'ஜானே பீ தோ யாரோ'. முதலாவது பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிற படம், இரண்டாவதில் நீ சிரித்துச் சிரித்து என் சட்டையில் டீயைக் கொட்டினாய். இரண்டையும் ஒரே கைதான் வெட்டியது என்று அன்றைக்கு நமக்குத் தோன்றவே இல்லையே.

'ஜானே பீ தோ யாரோ'வில் அனுபம் கேர் நடித்திருந்தது உனக்குத் தெரியுமா? 'டிஸ்கோ கில்லர்' என்று ஒரு பாத்திரம். எடுத்ததெல்லாம் போச்சு, முழுசாக வெட்டிவிட்டார்கள். படத்தில் அந்த ஆளே கிடையாது. ஏழு லட்சத்துக்குள் முடித்த படம் மாப்ளே, அதில் ஒவ்வொரு அடி ஃபிலிமும் காசு. அதே அனுபம் கேர் 1989இல் 'பரிந்தா'வில் புறாக்களுக்கு நடுவே குண்டடிபட்டுச் சாகிறார். அந்தக் காட்சியை இன்னொரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். சிறகு, முகம், மறுபடி சிறகு. கண் சிமிட்டினால் போய்விடும். அதற்கு ரேணுவுக்குத் தேசிய விருது. மொத்தம் நான்கு வாங்கினார்; மற்றவை 'தாராவி', 'சர்தார்', 'காட்மதர்'. நடுவில் சுபாஷ் கயின் 'பர்தேஸ்' மாதிரி பெரிய செட் படமும் செய்தார். கலைப்படக்காரி என்று ஓரங்கட்ட முடியாத ஆள்.

சின்னவள் கதவைத் திறந்தது இந்த டிஸ்கோ கில்லர் கதைக்குத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்புறம் நீங்க ஏன்ப்பா விட்டீங்க?" என்றாள்.

நான் எடிட்டிங் வேலை பார்த்த அந்தப் படக் கம்பெனி ஐந்து மாசச் சம்பளத்தைப் பாக்கி வைத்ததால் விட்டேன் என்றுதானே உன்னிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்? பாக்கி வைத்தது உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. ஒரு ராத்திரி ஒரு ஃபிலிம் துண்டு தொலைந்துபோனது. இரண்டு ஃப்ரேம், ஒன்றரை அங்குலம். ஃபிலிம் துண்டுகளைத் தொங்கவிடுகிற துணி போட்ட தொட்டிக்குள் தலையை விட்டு, மேசைக்கு அடியில் தவழ்ந்து, விடியும்வரை தேடி, கடைசியில் என் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். எடிட்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேவையில்லை" என்று குப்பையில் போட்டார். போட்டுவிட்டு அந்தக் காட்சியை ஓட்டினார். அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு அந்தத் துண்டை மறுபடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்றுதான் இருந்தது. எனக்கு எதையும் விட மனசு வராது மாப்ளே. அப்படிப்பட்டவன் அந்த மேசையில் உட்காரக் கூடாது. அதற்கடுத்த மாசம்தான் பாங்க் பரீட்சை எழுதினேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சம்பளக் கதையையே சொன்னேன்.

இன்னொன்றையும் விழுங்கிவிட்டேன். 2000 பிப்ரவரியில் நான் லீவில் வந்தபோது சேர்ந்து 'ஹே ராம்' பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இடைவேளைக்கு முறுக்கு வாங்கப் போன நீ அரை மணி நேரம் கழித்து வந்தாயே. அதற்கும் ரேணு சலூஜாதான் எடிட்டர். அதே ஆகஸ்டில் புற்றுநோயில் போய்விட்டார். 48 வயசு. பொழுது விடிவது தெரியாத இருட்டு அறை, வேளைக்குச் சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது. அந்த வேலைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போடுவது பைத்தியக்காரத்தனம், தெரியும். ஆனால் பெண்ணை அனுப்பப் போகிற அப்பனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற கணக்கு வேறு.

போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. போன வாரம் அவள் தன் அக்கா பிறந்தநாள் வீடியோவை மொபைலில் வெட்டினாள். நான் கேக் ஊட்டுகிற இடத்தைக் காணோம். "அது இல்லாமத்தான்ப்பா நல்லா இருக்கு" என்றாள். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

நீ ஒரு போன் போடு அவளுக்கு. நான் சொன்னால் புலம்பல், மாமா சொன்னால் யோசனை. பணம் கட்டப் பத்து நாள்தான் இருக்கிறது. அப்படியே 1991இல் நீ வாங்கிக்கொண்டு போன 'ஜானே பீ தோ யாரோ' கேசட்டையும் அனுப்பிவை. ஓட்ட இங்கே டெக் இல்லை, இருந்தாலும் அது என்னுடையது.

உன்,
செம்பூர்க்காரன்