அண்ணை றைற்றுக்கும் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் வாசிகசாலை முன்றலில் நடந்த தனிநடிப்பு இரவுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் முதல் நன்றி கே. எஸ். பாலச்சந்திரன் அண்ணைக்கு. 1944இல் கரவெட்டியில் பிறந்து 2014இல் கனடாவில் கண்மூடியவர். வானொலி, மேடை, 1978இல் வந்த 'வாடைக்காற்று' படம் என்று எவ்வளவோ செய்தார். என்றாலும் எங்கட சனத்துக்கு அவர், பஸ் கொண்டக்டராகத் தனியே நடித்த 'அண்ணை றைற்'தான்.

1990க்குப் பிறகு, போரால் யாழ்ப்பாணத்தில் பல வருசம் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கசெற் றேடியோவை இயக்கி, 'அண்ணை றைற்' கசெற்றைக் கேட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். பெடல் சுற்றுகிற கை தளர்ந்தால் குரல் இழுபடும், "சுத்தடா" என்று ஆச்சி சத்தம் போடுவா. ஒரேயொரு ஆள், ஒரு பஸ் கொண்டக்டர், அவர் கதைக்கிற கதையிலேயே பஸ் நிறையச் சனம் ஏறிவிடும். பகிடி என்றால் இந்தியப் படத்துப் பேச்சில்தான் வரும் என்று நினைத்திருந்த எனக்கு, வீட்டில் நாங்கள் கதைக்கிற தமிழே போதும் என்று காட்டியவர் அவர். இன்றைக்கு யாழ்ப்பாணப் பேச்சிலேயே யூடியூப்பில் பகிடி செய்கிற பெடியளைப் பார்க்கும்போதெல்லாம், அவர் வெட்டிவிட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்றே நினைப்பேன்.

சரி, உதவியவர்களுக்கு வருகிறேன். பருத்தித்துறை பஸ்ஸில் வேலை செய்கிற கொண்டக்டர் அண்ணை தன் ஓய்வுநாளில் வந்து, நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுவது, பிரேக் போடும்போது இடுப்பைச் சாய்த்து நிற்பது எல்லாம் அன்று மேடையில் நடித்த எங்கள் தம்பிக்குப் பழக்கிக் கொடுத்தார். தம்பி பழையதை அப்படியே செய்யவில்லை. தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு மிச்சக்காசு எண்ணுகிற இன்றைய மினிபஸ் கொண்டக்டராக வந்தான், முன்வரிசை ஆச்சிமார் கண்ணீர் வரச் சிரித்தார்கள். பாலச்சந்திரன் அண்ணை இருந்திருந்தால் அவனைக் கட்டிப்பிடித்திருப்பார் என்று நம்புகிறேன்.

காசு வாங்காமல் மைக் கட்டித் தந்த தம்பிமாருக்கும், இரவு பத்து மணி வரை தேத்தண்ணி ஊற்றிய அக்காமாருக்கும் நன்றி.

அப்புறம், 'அண்ணை றைற்' கசெற் தந்த வாத்தியார். 1995இல் யாழ்ப்பாணச் சனம் போரால் ஊரை விட்டுப் போன இடப்பெயர்வில் மாற்றுத் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போன கசெற் அது. நாடா சிக்கின இடத்தைப் பேனையால் சுற்றி எடுத்து, ஒத்திகைக்கு முழுசாகப் போட்டுக் கேட்டோம். சேர், பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கையில் தருகிறேன்.