ஸ்ட்ரைப்பர் பருவம் அக்டோபரோடு முடிவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் தூண்டில் போடுவதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். தமிழில் இப்படியொரு கட்டுரை வருவதே அரிது. எழுதியவருக்கும் தங்களுக்கும் நன்றி. ஆனால் அதில் இரண்டு கருத்துகளை மறுக்காமல் விட மனம் வரவில்லை. அக்டோபர் பாதியோடு ஸ்ட்ரைப்டு பாஸ் பருவம் முடிந்துவிடுகிறது, அதற்குமேல் ஃப்ளை (இறகும் மயிரும் முள்ளில் கட்டிய பொய்யிரை) தூண்டிலோடு கரையில் நிற்பது வீண் என்பது ஒன்று. மீன் எடுக்காவிட்டால் ஃப்ளையைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று மும்முனை முட்கள் தொங்கும் பெரிய பொய்யிரைக்கு மாறுங்கள் என்ற யோசனை இன்னொன்று. அங்குள்ள ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தென்கரையில் நெடுங்காலமாக ஃப்ளை வீசிவருபவன் நான். இரண்டும் தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த மீனை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இங்கே எல்லாரும் ஸ்ட்ரைப்பர் என்று அழைக்கும் இது நம் கொடுவாயை நினைவூட்டும் உடல்வாகு கொண்டது. வெள்ளி விலாவில் செவுள் முதல் வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். வளர்வது கடலில் என்றாலும் முட்டையிட ஆற்றுக்குத்தான் வரும். கிழக்குக் கடலோர ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பங்கு, மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களில் செசபீக் விரிகுடாவோடு கலக்கும் ஆறுகளில் பிறந்தவை. ஹட்சன், டெலவேர் ஆறுகளுக்கும் பங்குண்டு. இளவேனிலில் முட்டையிட்ட பின் பெரிய மீன்கள் வடக்கே மெயின் மாநிலம்வரை வந்து, குளிர் தொடங்கும்போது தெற்கே திரும்புகின்றன.

திரும்புவதும் ஒரே மூச்சில் அல்ல. கூட்டம் ஒன்று கடந்து போகும். பிறகு கடல் வெறுமையாகக் கிடக்கும். வடமேற்குக் காற்று ஒன்று வீசி ஓய்ந்ததும் அடுத்த கூட்டம் வந்து சேரும். அந்த வெறுமையைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் பருவம் முடிந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். நவம்பரில் நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை நோக்கி இறங்குகிறவரை இந்த வரவும் போக்கும் நடக்கிறது. சார்ல்ஸ்டவுன், வீக்கபாக் முதலிய இடங்களில் உப்பங்கழிகள் கடலைத் தொடும் வாய்க்கால்கள் இருக்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் கழிக்குள் வளர்ந்த சிறுமீன்களை இந்த வாய்க்கால்கள் கடலுக்குள் தள்ளிவிடும். ஸ்ட்ரைப்பர் தேடிப் போக வேண்டியதில்லை. நீரோட்டத்தின் ஓரத்தில் காத்திருந்தாலே இரை வந்துவிடும். ஃப்ளை வீசுகிறவனும் அந்த ஓரத்தில்தான் நிற்க வேண்டும், அதுவும் விடியலிலோ அந்தி சாய்ந்த பிறகோ.

இந்தக் காலத்தில் வேகமாக இழுத்தால் பயனில்லை. குளிர்ந்த நீரில் மீன் சுணங்கிவிடும். எட்டி ஓடிப் பிடிக்கும் ஊக்கம் அதற்கு இருக்காது. மெதுவாக மூழ்கும் நூலை நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி, ஓட்டமே அதை வளைத்துக்கொண்டு போக விட்டு, இடையிடையே ஒரு சாண் மட்டும் இழுத்தால் போதும். நெத்திலி ஓடும் நாட்களில் விரல் நீளத்துக்கு மேல் ஃப்ளை தேவையில்லை. மத்தியின் உறவான மென்ஹேடனின் குட்டிகள் வந்தால் அகன்ற உடல் கொண்டது வேண்டும். என் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே வகை. ஃப்ளை தூண்டில் வல்லுநர் லெஃப்டி கிரே 1950களின் இறுதியில் செசபீக் ஸ்ட்ரைப்பர்களுக்காகவே கட்டிய டிசீவர் என்ற ஃப்ளை ஒன்று. அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் அதைத் தபால்தலையிலேயே போட்டது. மற்றொன்று பாப் கிளவுசரின் ஃப்ளை. கனத்த உலோகக் கண்களால் தலைகுப்புற இறங்கும், முள் மேல்நோக்கி நிற்கும். கிளவுசர் வழிகாட்டியாகத் தொழில் செய்தது சஸ்குவஹன்னா ஆற்றில். செசபீக்குக்கு மிக அதிகமான நன்னீரைக் கொண்டுசேர்ப்பதும் அதே ஆறுதான்.

இப்படியெல்லாம் செய்தும் சில ஆண்டுகளாக நவம்பர் முன்பைவிட மந்தமாக இருக்கிறது என்பது உண்மை. காற்று, மழை, கடல்நாய் என்று கரையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். என்னைக் கலங்கச் செய்வது எண்ணிக்கை குறைந்தது மட்டுமல்ல. எந்த மீன் குறைந்திருக்கிறது என்பது. முன்பெல்லாம் பருவக் கடைசி என்றால் முழங்கை நீளக் குட்டிகள்தாம் கணக்கில்லாமல் வரும். இப்போது அவற்றைக் காண்பதே அபூர்வம். ஒரு நல்ல நாளில் கிடைப்பது பெரிய மீனாக இருக்கிறது. அதைப் பிடித்தவர்கள் மகிழ்கிறார்கள், எனக்கோ கவலை கூடுகிறது.

காரணம் செசபீக்கில் இருக்கிறது. மேரிலாந்து அரசு 1954 முதல் ஒவ்வொரு கோடையிலும் தன் ஆறுகளில் கரைவலை இழுத்து, அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளை எண்ணிவருகிறது. ஓர் இழுப்புக்கு ஏறக்குறைய 11 என்பது நீண்டகாலச் சராசரி. 1996இல் 59, 2011இல் 34, 2015இல் 24 என்று இருந்த எண், 2019க்குப் பிறகு ஒருமுறைகூடச் சராசரியைத் தொடவில்லை. 2023இல் அது 1.0, 2024இல் 2.0. குளிர்ந்த பனிக்காலமும் நீர் நிறைந்த இளவேனிலும் அமைந்தால் முட்டைகள் ஆற்றோட்டத்தில் மிதந்து பொரியும், குஞ்சுகளுக்குத் தேவையான நுண்ணுயிர் இரையும் சரியான வேளையில் பெருகும். பனிக்காலம் வெதுவெதுப்பாகவும் ஆறு வற்றியும் இருந்தால் இந்த வேளை பிசகிவிடுகிறது. அன்று பிறக்காத குஞ்சுகள் இன்று எங்கள் வாய்க்கால் ஓரத்தில் எப்படி இருக்கும்? பெண் மீன் முட்டையிடும் வயதுக்கு வரவே ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் கையில் சிக்குகிற ஒவ்வொரு பெரிய ஸ்ட்ரைப்பரும் எவ்வளவு அருமையானது என்பது விளங்கும்.

மீன் கடிக்கவில்லையா, இன்னும் கூர்மையான ஆயுதத்தை எடு என்ற யோசனையை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். மும்முனை முட்கள் வாயில் ஒன்றும் செவுளில் ஒன்றும் கண்ணருகே ஒன்றுமாகக் குத்திக்கொண்டு வரும் மீனை நான் பார்த்திருக்கிறேன். அதைத் திரும்ப விட்டாலும் விட்டதாக அர்த்தமில்லை. அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம், பொழுதுபோக்குக்காகப் பிடித்து விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 100க்கு 9 இறந்துபோவதாக வைத்தே கணக்கிடுகிறது. பிடிபடுவதில் மிகப்பெரும் பகுதி விடப்படுவதால், அந்த ஒன்பது சேர்ந்து சேர்ந்து, வீட்டுக்கு எடுத்துச் செல்லப்படும் மீன்களோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கையாகிவிடுகிறது. இது ஃப்ளை வீசுகிற எங்களுக்கும் பொருந்தும். நாங்கள் விட்டுவிடுகிறோமே என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. ஒற்றை முள், அதன் நுனியருகே பின்னோக்கி நீளும் எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுவது, 9 அல்லது 10 எண் கொண்ட வலுவான தூண்டில் கோலால் மீனை விரைவாகக் கரை சேர்ப்பது, நீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றுவது. இவ்வளவுதான் வேண்டியது.

கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. விடப்படும் மீன் அதிகம் சாவது ஆகஸ்ட்டின் வெதுவெதுப்பான நீரில். நீர் குளிர்ந்திருக்கும்போது அது பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். ஆகவே பிடித்து விடுவதுதான் நோக்கமென்றால், அவர் வீண் என்று தள்ளிய நவம்பரே கோடையைவிடத் தகுந்த காலம். காற்று உறைநிலைக்கு இறங்கிய காலையில் மட்டும் மீனை வெளியே தூக்கவே கூடாது, செவுள் தாங்காது. எல்லா மீனும் தெற்கே போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனெக்டிகட்டின் தேம்ஸ் ஆற்றில் நார்விச் நகரை ஒட்டிப் பனிக்காலம் முழுவதும் ஸ்ட்ரைப்பர்கள் அடர்ந்து தங்கும். அங்கே வீசினால் கிடைப்பது எளிது. எளிது என்பதாலேயே, ஓரிரண்டு பிடித்ததும் கோலைச் சுருட்டிக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

குழம்புக்கு ஒரு மீன் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பாஸ்டனிலும் நியூ ஜெர்சியிலும் நம் குடும்பங்கள் பல அப்படித்தான் கடற்கரைக்கு வருகின்றன; விதிப்படி அளவு பார்த்து எடுப்பது அவர்கள் உரிமை. 2023இல் ஆணையம் அவசரமாகக் கொண்டுவந்த விதிக்குப் பின், கடலோரத்தில் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மிகாமலும் உள்ள ஒரு மீனைத்தான் ஒருவர் ஒரு நாளில் எடுக்கலாம். 2015இல் பிறந்த பெரிய கூட்டத்தைக் காப்பதே அந்த மேல்வரம்பின் நோக்கம். கட்டுரையில் இந்த அளவு எங்குமே இல்லை. தெரியாமல் எடுத்த மீனுக்கு அபராதம் கட்டப்போவது அதை நம்பிப் போன வாசகர்தான்.

கட்டுப்பாடு பலன் தராது என்று சொல்பவர்களுக்கு 1980களை நினைவூட்டுகிறேன். ஸ்ட்ரைப்பர் அழிவின் விளிம்புக்குப் போனபோது மேரிலாந்து 1985இல் அதைப் பிடிப்பதையே தடைசெய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. 1995இல் மீனினம் மீண்டுவிட்டதாக ஆணையம் அறிவித்தது. இன்று 2029க்குள் மறுபடியும் மீட்க வேண்டும் என்ற இலக்கோடு அதே ஆணையம் கூடுகிறது. பொதுமக்கள் கருத்தையும் எழுத்தில் கேட்கிறது. தமிழ் வாசகர்களும் அங்கே எழுத வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையோடு வந்த படத்தில், பெரிய ஸ்ட்ரைப்பர் ஒன்றைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், உடலெங்கும் மணல். அதன் எடை முழுவதையும் தாடை தாங்குகிறது, தோலின் வழுவழுப்பு போய்விடுகிறது. இனி அத்தகைய படங்களைத் தவிர்த்து, நீரில் இருக்கும் மீனின் படங்களை வெளியிடுங்கள். வரும் மே மாதம், மீன்கள் வடக்கே வரும் வேளையில், அளவு விதியையும் விடும் முறையையும் அரைப் பக்கத்தில் அச்சிடுங்கள். இடம் ஒதுக்கினால் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் வாசகன்,
ரோட் ஐலண்ட், அமெரிக்கா