இழப்பாகக் கருதப்பட்ட ஒளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பின்னும் தாவரவியலை நீ விடவில்லை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்லாக் ஆய்வகத்துக்கு நான் சென்று வந்ததை அறிந்து, அணுத்துகள்களை ஆராய்வதற்கென்று கட்டிய இடத்தில் புரதங்களையும் இலைகளையும் பற்றிய ஆய்வு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டிருந்தாய். அதற்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன்.

1966இல் அங்கு இயங்கத் தொடங்கிய, எலக்ட்ரான்களை நேர்கோட்டில் விரைவுபடுத்தும் முடுக்கியின் நீளம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். பூமிக்கடியில் செம்புக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் விரைய, அவற்றை உந்தும் நுண்ணலைகளைத் தரும் கிளைஸ்ட்ரான்கள் மேலேயுள்ள நீண்ட கூடத்தில் வரிசையாக நிற்கின்றன. புரோட்டானுக்குள்ளே குவார்க்குகள் என்னும் இன்னும் சிறிய துகள்கள் இருப்பதற்குச் சான்று கிடைத்ததும் இங்கேதான். ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் அதற்காக 1990இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உன் கேள்விக்கான விடை 1972இல் அமைந்த ஸ்பியர் என்ற வளையத்தில் தொடங்குகிறது. எலக்ட்ரான்களையும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களையும் எதிரெதிராகச் சுற்றவிட்டு மோதச் செய்வதே அதன் நோக்கம். ஆனால் வேகமாகச் செல்லும் எலக்ட்ரானைக் காந்தத்தால் வளைத்தால், அது தன் ஆற்றலில் ஒரு பகுதியை ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் சிந்திவிடும். சிந்தியதைச் சுற்றுக்குச் சுற்று ஈடுகட்டியாக வேண்டும் என்பதால் துகள் இயற்பியலாருக்கு அது வெறும் இழப்பு. அந்த இழப்பைத் தங்களுக்குத் தரும்படி வேறொரு குழுவினர் கேட்டு வாங்கி, மோதல் ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, வெளியேறும் கதிரைக் கொண்டு பொருள்களின் அமைப்பை ஆராயத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்த வளையம் முழுவதும் ஒளிக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது.

அந்த ஒளி செய்தவற்றுள் என்னை மிகவும் நெகிழவைத்தது ஆர்க்கிமிடீஸின் ஏடு. பத்தாம் நூற்றாண்டில் தோலில் படியெடுத்த அவருடைய கணித நூலைப் பின்னொரு காலத்தில் சுரண்டி அழித்து, அதே தோலில் வழிபாட்டு நூல் எழுதிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் சில பக்கங்களின் மேல் போலி ஓவியங்களும் ஏறின. ஆனால் பழைய மையில் இருந்த இரும்பு தோலிலேயே தங்கியிருந்தது. 2005 முதல் ஸ்பியரின் எக்ஸ் கதிரை அந்தப் பக்கங்களின் மேல் புள்ளி புள்ளியாகச் செலுத்தி, இரும்பு ஒளிர்ந்த இடங்களை மட்டும் பதிவு செய்தபோது, ஓவியத்துக்கு அடியிலிருந்து கிரேக்க எழுத்துகள் எழுந்து வந்தன.

2009இல் பழைய முடுக்கியின் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பயன்படுத்தி எக்ஸ் கதிர் லேசர் ஒன்றை உருவாக்கினார்கள். வடக்கும் தெற்கும் மாறி மாறி அமைந்த காந்த வரிசையின் நடுவே எலக்ட்ரான்கள் நெளிந்து செல்லும்போது, தாம் உமிழும் ஒளியாலேயே அடுக்கடுக்காகத் திரண்டு ஒருமித்து ஒளிர்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் சில பத்து ஃபெம்டோ விநாடிகளே நீடிக்கும். அதாவது விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் நூறு கோடி பங்காக்கினால் கிடைப்பதில் சில பத்துகள். ஆராய்வதற்காகக் குறுக்கே செலுத்தும் புரத நுண்படிகத்தை அந்தத் துடிப்பு சிதைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் படிகம் சிதைவதற்கு முன்பே கதிர் தன் பதிவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. விநாடிக்கு 120 துடிப்புகள் தந்த அந்தக் கருவிக்குத் துணையாக, செம்பை அகற்றிய முதல் கிலோமீட்டரில் −271 டிகிரி செல்சியஸுக்குக் குளிரூட்டிய நியோபிய மீக்கடத்திக் கலங்களை (மின்தடை ஏறத்தாழ இல்லாத உலோக அறைகளை) அமைத்து, 2023இல் புதிய முடுக்கியிலிருந்து முதல் ஒளியைப் பெற்றார்கள். அதன் இலக்கு விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள்.

இனி உன் இலைக்கு வருகிறேன். நீரைப் பிளந்து ஆக்சிஜனைத் தரும் ‘ஒளித்தொகுதி II’ என்னும் புரதத் தொகுதியில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த சிறு கொத்து இருப்பதை நீ அறிவாய். அறை வெப்பநிலையிலேயே அதன் படிகங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கணநேர ஒளிவீச்சுகள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் அந்தக் கொத்தின் அணுக்கள் எப்படி இடம்பெயர்கின்றன என்பதை இந்த எக்ஸ் கதிரால் படிப்படியாகப் பதிவு செய்கிறார்கள். நீ கரும்பலகையில் நீரிலிருந்து ஆக்சிஜனுக்கு ஓர் அம்புக்குறி வரைவாயே, அந்தக் குறிக்குள் நடப்பதைத்தான் அவர்கள் படம் பிடிக்கிறார்கள். ஆக்சிஜன் அணுக்கள் இரண்டும் இணையும் அந்தக் கடைசிக் கணத்தைப் பற்றி உன் கருத்து என்ன? விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்