மாவுக்கு விதித்த வரி

ஐயா,

இத்தாலிய ஒருங்கிணைப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1861-இல் புதிய அரசு பிறந்ததோடு நின்றுவிட்டது. உண்மையான சோதனை அதன் பிறகே தொடங்கியது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே வாக்குரிமை அளித்திருந்த அந்தத் தாராளவாத அரசு, வரவு செலவுப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1869 முதல் தானியம் அரைப்பதற்கு வரி விதித்து, அதைக் கணக்கிட ஆலைக் கல்லின் சுற்றுகளை எண்ணும் கருவியையும் பொருத்தி, ஏழை உழவரின் ரொட்டியிலேயே கை வைத்தது. வாக்கில்லாதவர்களிடம் வரி மட்டும் கேட்டது பெருங்கொடுமை. மக்கள் அந்த அரசைத் தங்களுடையதாகக் கருதாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பேன்.

பள்ளியில் வரலாறு கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட தளபதி கரிபால்டியின் செஞ்சட்டைப் படையை ஆர்வத்துடன் விவரிக்கும் மாணவர்களுக்கு, அந்த வரி 1884-இல் முற்றிலும் நீங்கும் வரை உழவர் பட்ட பாடு தெரிவதில்லை. எனவே, 1861-க்குப் பிந்தைய இத்தாலியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.