சிலோன் ஒலிம்பிக் பின்னுக்கு (உடையில் குத்தும் உலோகச் சின்னம்) பதிலாக ஸ்ரீ லங்கா பின் அனுப்பியமை தொடர்பான புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 பெப்ரவரி 10

பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மிசிசாகா

பொருள்: பட்டியல் இலக்கம் சி-417, நான் தந்த 14 கல்கரி ஒலிம்பிக் பின்களைத் திருப்பித் தராமை

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

நான் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் ஒரே தானியங்கிப் பதில் வந்ததாலும், ஏழு தடவை தொலைபேசியில் ஏழு பேருக்கு முதலிலிருந்து கதை சொல்லித் தொண்டை வற்றிவிட்டதாலும், இதைக் கையொப்பமிட்ட கடிதமாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கடந்த செப்டெம்பரில் இங்குள்ள தமிழ் வாராந்தரி ஒன்றில் வந்த உங்கள் விளம்பரத்தின் அடியில் "தமிழிலும் தொடர்புகொள்ளலாம்" என்று இருந்தது. அதை நம்பித் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவரைப் பற்றியும் இக்கடிதத்தில் வரும்.

2024 செப்டெம்பர் 20ஆம் திகதி நமக்குள் ஏற்பட்ட பரிமாற்ற ஒப்பந்தம் உங்கள் கணினியில் இருக்கும். சி-417 பற்றி நீங்கள் எழுதியிருந்தது இது: சிலோன் தேசிய ஒலிம்பிக் குழுவின் பின், ஆண்டு பொறிக்கப்படாதது, 1972க்கு முற்பட்டது, பித்தளை, சூளையில் சுட்ட எனாமல். அதற்கு ஈடாக என்னிடமிருந்த 14 பின்களையும், கடனட்டை மூலம் 220 டொலரையும் தந்தேன். பின்கள் அக்டோபர் 4ஆம் திகதி உங்கள் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்ததற்கு உங்கள் ஊழியர் வைத்த கையொப்பத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

நவம்பர் 7ஆம் திகதி உங்கள் பொதி வந்தது. நான் ஆறுதலாகக் கைகழுவி, மேசை விளக்கைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து அதைத் திறந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உள்ளே இருந்த பின்னில் ஐந்து வளையங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் மேல் "ஸ்ரீ லங்கா" என்று எழுதியிருந்தது. எனாமல் சூளை கண்டதல்ல. மேலே கண்ணாடி மாதிரிப் பிசின் ஊற்றிக் குவிந்திருந்தது, நீல வளையத்தின் நிறம் கோட்டைத் தாண்டிப் பக்கத்து வளையத்துக்குள் வழிந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நயாகராப் படம் போட்ட காந்தம் ஒன்று இருக்கிறது. அதைக் கிட்டக் கொண்டுபோனதும் பின் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. பித்தளை எந்தக் காலத்தில் காந்தத்தில் ஒட்டியது? கூடவே வந்த அத்தாட்சி அட்டையிலோ, "சிலோன், பித்தளை" என்று அச்சடித்து உங்கள் முத்திரையும் குத்தியிருந்தது.

வந்த பின் போலி என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்துப் பின்னாக, அதன் அளவில் அசலாகவே இருக்கலாம். ஆனால் நான் வாங்கியது அதுவல்ல. 1972 மே 22இல் நாட்டின் பெயர் மாறியது. பின்னில் ஆண்டு இல்லாவிட்டாலும் சிலோன் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்திருக்க வழியில்லை, அந்தப் பெயரே அதன் திகதி. 1948இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றது அந்தப் பெயரில். யாழ் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் உயரம் பாய்ந்ததும், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அந்தப் பெயரில்தான். அதே பள்ளிக்கூட மைதானத்தில் ஓடித் திரிந்தவன் நான். பின் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்துக்கு இதை ஒரு வாடிக்கையாளர் விளக்க வேண்டியிருப்பதே முதற் கோளாறு.

இனி ஜனவரி 20ஆம் திகதிக்கு வருகிறேன். ஒழுங்குப்படி நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்ததைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆனால் அந்த அழைப்பை எழுதாமல் மற்றவற்றை எழுத என் கை ஓடவில்லை. பிற்பகல் 2.40க்கு, ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தபின், தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் இணைப்பில் வந்தார். குரல் கேட்டதும் நம் பிள்ளை ஒருவர் கிடைத்தாரே என்று மகிழ்ந்து, "தம்பி" என்றே பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "சிலோனும் ஸ்ரீ லங்காவும் ஒரே நாடுதானே அங்கிள், பேர்தானே வேற" என்றார். இதை யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருந்தால் அந்த வசனம் வாயிலிருந்து வந்திருக்காது. சரி, இங்கே பிறந்த பிள்ளையாக இருக்கலாம் என்று பொறுத்துக்கொண்டு, முகாமையாளரிடம் இணைப்பைக் கொடுக்குமாறு கேட்டேன். அதன்பிறகு அங்கிள் போய் நீர் வந்தது. "நீர் ஒரு தகரத் துண்டுக்காகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறீர், எங்களுக்கு வேற வேலை இல்லையோ?" என்றார். எனக்கு 67 வயது. ஊரிலும் இங்கேயும் என்னைவிட இளையவர் எவரும் என்னை நீர் என்று சொன்னதில்லை. உங்கள் அழைப்புகள் தரக் கட்டுப்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு தடவையும் இயந்திரம் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தயவுசெய்து போட்டுக் கேளுங்கள். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

தகரத் துண்டு என்று அவர் எதைச் சொன்னார் என்றும் பாருங்கள். 1988 பெப்ரவரி 13 முதல் 28 வரை கல்கரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது நான் அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சினூக் என்ற வெப்பக் காற்று அடித்து, பெப்ரவரியிலேயே பனி உருகி, போட்டிகளைத் தள்ளிவைத்த ஆண்டு அது. இரவு வேலை முடிந்து, விடிந்ததும் பதக்கம் கொடுக்கும் ஒலிம்பிக் பிளாசாப் பக்கம் போவேன். பின் மாற்றுவதற்கென்றே அதிகாரபூர்வ நிலையம் முதன்முதலில் அமைத்தது அந்த ஒலிம்பிக்கில்தான். ஆனால் தெருவிலும் கூட்டம் கூட்டமாகத் தொப்பியிலும் துணிப்பட்டியிலும் பின் குத்தியபடி நிற்பார்கள். ஆங்கிலம் சரியாக வராத எனக்கு, பின்னைத் தொட்டுக் காட்டி விரலை மடக்கி மடக்கிப் பேரம் பேசலாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. முதல் தடவையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஜமேக்காவின் பொப்ஸ்லே (பனிச்சறுக்கு வண்டி ஓட்டம்) அணியின் பின் ஒன்றுக்காக ஆறு பின்களையும், தலையில் போட்டிருந்த கம்பளித் தொப்பியையும் கழற்றிக் கொடுத்தேன். உங்களிடம் நான் தந்த பதினான்கில் அதுவும் ஒன்று. மற்றவற்றில் இரண்டு, ஊடகவியலாளர்கள் கொண்டுவந்த பின்கள். பதினொன்று, நாட்டுக் குழுக்கள் தங்கள் வீரர்களுக்குக் கொடுத்தவை.

கல்கரிப் பின் என்றால் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, ஒரு டொலருக்கு ஒன்று வாங்கலாம் என்று உங்கள் மதிப்பீட்டாளர் சொன்னதாக டிசம்பரில் ஒருவர் என்னிடம் கூறினார். அனுசரணை நிறுவனங்கள் அள்ளி இறைத்தவற்றுக்கும், ஹைடி, ஹவுடி என்ற அந்த இரண்டு கரடிப் பின்களுக்கும் அது பொருந்தும். நானே அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருக்கிறேன். நாட்டுக் குழுப் பின்னையும் ஊடகப் பின்னையும் அதே பெட்டிக்குள் போட்டு எண்ணுகிறவர் மதிப்பீட்டாளர் அல்லர். அப்படி ஒரு டொலர்தான் பெறுமதி என்றால், செப்டெம்பரில் அவற்றை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள்? 14 டொலரையும் 220 டொலரையும் கூட்டி 234 டொலருக்கா சி-417ஐ விற்றீர்கள்?

நவம்பர் 8ஆம் திகதி முறைப்பாடு செய்தபோது ஒன்பது படங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். 19ஆம் திகதி வேறொருவர் அதே ஒன்பது படங்களை மறுபடி கேட்டார். 26ஆம் திகதி, சரியான பின் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது, தபால் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது என்றார்கள். கனடாத் தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தம் நவம்பர் 15இல் தொடங்கியது நாடறிந்த செய்தி. அதில் என் பேத்தியின் கடவுச்சீட்டும்தான் தாமதமானது, நான் தபால்காரரைக் குறைசொல்லவில்லை. ஆனால் அனுப்பிய பொதியின் கண்காணிப்பு இலக்கத்தைக் கேட்டால் ஒருவரிடமும் இல்லை. டிசம்பர் 17இல் வேலைநிறுத்தம் முடிந்தது. இன்று பெப்ரவரி 10. அந்தப் பொதி எந்தத் தபாலகத்தில் தூங்குகிறது? அது அனுப்பப்படவே இல்லை என்பதுதான் என் எண்ணம். என் எண்ணம் தவறு என்று காட்ட ஒரு பற்றுச்சீட்டு போதும்.

இடையில் ஒரு பெண்மணி, ஜனவரி 9ஆம் திகதி என்று நினைக்கிறேன், மிகவும் தன்மையாகப் பேசினார், மன்னிப்பும் கேட்டார். நேரில் பின்னைக் கொண்டுவந்து காட்டினால் அன்றே தீர்த்துவிடலாம், 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வாருங்கள் என்று சொன்னவரும் அவரே. அன்று தைப்பொங்கல். வீட்டில் பால் பொங்கியதும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பேருந்தில் கென்னடி நிலையம், அங்கிருந்து சுரங்க ரயிலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியான கிப்ளிங், பிறகு மிசிசாகாப் பேருந்து என்று, போன வருடம் சத்திரசிகிச்சை செய்த முழங்காலுடன் வந்து சேர்ந்தேன். வீட்டுக் கதவிலிருந்து உங்கள் கதவு வரை இரண்டே முக்கால் மணித்தியாலம். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில், செவ்வாய்க்கிழமைகளில் கருமபீடம் இயங்காது என்றும், மற்ற நாட்களிலும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே என்றும் எழுதியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஓர் இளைஞர் கோப்பிக் குவளையுடன் நடந்துபோனார். கண்ணாடியில் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், விரலால் அந்தத் தாளைக் காட்டினார், போய்விட்டார். உறை பனிக்குளிரில் அடுத்த பேருந்துக்கு இருபத்தைந்து நிமிடம் நின்று வீட்டுக்கு வந்தபோது பொங்கல் ஆறிப் பாறாங்கல்லாகக் கிடந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்திலேயே எல்லாம் இருந்திருக்கும்.

இதனால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தை 5,000 டொலர் என்று மதிப்பிடுகிறேன். இதில் பின்களின் பெறுமதி, பயணச் செலவு, தொலைபேசி, மூன்று மாதத் தூக்கம் எல்லாம் அடங்கும். முப்பத்தாறு வருடமாகச் சேர்த்த சேகரிப்பின் முதுகெலும்பையே உங்களிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறேன் என்பதை நினைத்தால் அந்தத் தொகையும் குறைவு.

நான் சண்டைக்கு வரும் ஆள் அல்லன். உங்கள் நிறுவனத்திடம் 2019இலும் 2022இலும் வாங்கிய பின்களில் எந்தக் குறையும் இருந்ததில்லை. அதை எங்கும் சொல்லத் தயங்க மாட்டேன். அதே சமயம், ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்றால், ஒப்பந்தம் செய்த ஒரு வருடத்துக்குள் வாடிக்கையாளர் அதை ரத்துச் செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வருடம் செப்டெம்பர் 20 வரை ஓடும். மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கான முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்துக்குப் போவதற்கும் என் மகள் ஆயத்தமாக இருக்கிறாள், அவளுக்கு என்னளவு பொறுமை கிடையாது. 220 டொலர் குறித்துக் கடனட்டை நிறுவனத்துக்கும் எழுதுவேன். விளம்பரம் போட்ட அதே வாராந்தரிக்கும் இக்கடிதத்தின் பிரதி போகும். இவற்றில் எதையும் செய்யவிடாமல் நீங்கள் முந்திக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இக்கடிதம் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள், விவரத்தில் உள்ளபடியான சிலோன் பின்னை, காந்தத்தில் ஒட்டாத சிலோன் பின்னை, கண்காணிப்பு இலக்கத்துடன் அனுப்புங்கள். உங்களிடம் அது இல்லையென்றால், ஒருபோதும் இருக்கவில்லையென்றால், அதை எழுத்தில் ஒத்துக்கொண்டு என் 14 பின்களையும் 220 டொலரையும் திருப்பித் தாருங்கள். என் பின்களில் எதையாவது ஏற்கெனவே விற்றிருந்தால் எதை, எப்போது, என்ன விலைக்கு என்று தெரிய வேண்டும். ஜமேக்காப் பின்னை மட்டும் பணமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன், அந்தப் பின்னே வேண்டும். அதன் பின்பக்கத்தில் ஊசிக்கு இடப்புறமாக, நான் 1988இல் கத்தி நுனியால் கீறிய சிறிய புள்ளி ஒன்று இருக்கிறது, ஆகவே வேறொன்றை அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவேன். நீங்கள் அனுப்பிய ஸ்ரீ லங்கா பின் என்னிடம் பத்திரமாக இருக்கிறது; ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுவேன், அதைக் காவிக்கொண்டு மறுபடி மிசிசாகாவுக்கு வர மாட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எந்த நாளும் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். முகாமையாளரோ, ஜனவரி 9இல் பேசிய அந்தப் பெண்மணியோ எடுத்தால் நல்லது. ஆங்கிலத்தில் பேசினாலும் சமாளித்துக்கொள்வேன். அந்தத் தம்பியை மட்டும் பேசவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
2019 முதல் உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தப் பிரதி, அக்டோபர் 4ஆம் திகதிக் கையொப்பப் பிரதி, அத்தாட்சி அட்டையின் பிரதி, ஒன்பது படங்கள் (மூன்றாவது தடவையாக)