இரண்டிரண்டாகப் பொத்தான்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பழைய படம் வந்தது. லண்டன் மால் சாலையில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாயைக் கை நீட்டிக் காட்டுகிறாய். உனக்கு ஏழு வயது. இவங்களுக்கு மட்டும் ஏன்பா பொத்தான் ரெண்டு ரெண்டா இருக்கு என்று கேட்டாய். சாயங்காலம் டிவியில் ட்ரூப்பிங் த கலர் அணிவகுப்பைப் பார்க்கும்போது, கொடியை ஏன் இவ்வளவு மெதுவாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றும் கேட்டாய். இரண்டுக்கும் "சும்மா, அழகுக்கு" என்று சொல்லி உன் வாயை அடைத்துவிட்டேன். அது தப்பான பதில். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒயிட்ஹால் வழியாக அத்தனை வருடம் பஸ் ஓட்டினேன். ஜூன் வந்தால் இந்த அணிவகுப்புக்காகச் சாலையை மூடி வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள், அதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு இந்த வருடம்தான் அது நடக்கிற ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்துக்குள் போய் உட்கார்ந்தேன். மன்னர் வரும் நாளுக்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் முழு ஒத்திகை நடக்கும். அதே உடை, அதே குதிரைகள், அதே வாத்தியம். நான் போனது ஒத்திகைக்கு.

ட்ரூப்பிங் த கலர் என்பதில் கலர் என்றால் நிறம் இல்லை, படைப்பிரிவின் கொடி. அந்தக் காலத்துப் போரில் துப்பாக்கி மருந்துப் புகை மண்டிவிட்டால் பக்கத்தில் நிற்பவனே தெரியமாட்டான். சிதறிப்போனவன் தன் ஆட்களிடம் திரும்பி வர ஒரே அடையாளம், புகைக்கு மேலே தெரிகிற கொடி. தன் கொடி எது என்று ஒவ்வொருவனுக்கும் கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். அதனால் வரிசைகளுக்கு நடுவே, எல்லார் முகத்துக்கும் முன்னால், அதை மெதுவாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நீ கேட்ட மெதுநடை அதுதான்.

இதை மன்னரின் பிறந்தநாளோடு சேர்த்தது 1748-இல். இப்போதைய மன்னர் பிறந்தது நவம்பரில், ஆனாலும் விழா ஜூனில்தான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது கொடியை வாங்கும் இடத்தை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு சார்ஜென்ட் கொடியைப் பிடித்தபடி நிற்கிறார், இரண்டு பக்கமும் காவல். அதை வாங்க ஒரு அணி போகிறது. உருவிய வாளோடு போகிற சார்ஜென்ட் மேஜர் கொடியை வாங்கி, என்சைன் என்கிற இளம் அதிகாரியிடம் கொடுக்கிறார். அவர் முதலில் வாளைத் தாழ்த்திக் கொடிக்கு வணக்கம் வைக்கிறார், அப்புறம்தான் கையில் வாங்குகிறார். அந்த நேரத்தில் அணி முழுக்கத் துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை செய்கிறது. நாலு மூலையில் நிற்கிற நாலு பேர் மட்டும் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மரியாதையில் நிற்கும்போது கொடிக்கு ஆபத்து வந்துவிடக்கூடாதே, அதற்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று கேள், உனக்குப் பிடிக்கும். கொடியை வாங்கும்வரை அந்த அணிக்குப் பெயர் 'எஸ்கார்ட் ஃபார் த கலர்', வாங்கிய நொடியிலிருந்து 'எஸ்கார்ட் டு த கலர்'. நம் மொழியில் சொன்னால், கொடிக்காக வந்த காவல் கொடியோடு நிற்கும் காவல் ஆகிவிடுகிறது. ஒரு சின்னச் சொல்லில் பொறுப்பு கை மாறுவதைச் சொல்லிவிட்டார்கள்.

நல்ல வெயில் அன்றைக்கு. கரடித்தோல் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார்கள். ரத்தம் ஓடுவதற்காகப் பூட்சுக்குள்ளேயே கால்விரலை அசைத்துக்கொண்டு இருப்பார்களாம். எனக்கு முன்னால் ஒரு பையன் மரம் சாய்வது மாதிரி அப்படியே சாய்ந்தான். ஸ்ட்ரெச்சர் வந்தது, வரிசை அசையவே இல்லை. பெற்றவர்கள் பார்த்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று ரொம்ப நேரம் அதே நினைப்பு.

திரும்பும்போது பேர்ட்கேஜ் வாக் சாலையில் இருக்கிற, கார்ட்ஸ் என்கிற இந்த மன்னர் காவல்படையின் தேவாலயத்துக்கும் போனேன். 1944 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போது ஜெர்மனியின் பறக்கும் குண்டு விழுந்து 121 பேர் இறந்த இடம் அது. பழைய கொடிகளை எரிப்பதோ எறிவதோ இல்லை, இந்த மாதிரிக் கோவில்களில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். மேலே தொங்குவதை அண்ணாந்து பார்த்தேன். பாட்டியின் பழைய சேலை மாதிரி நைந்துபோன துணி, இழை இழையாக வெளிச்சம் தெரிகிறது.

பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். காலாட்படை கார்ட்ஸ் ஐந்து பிரிவு. கிரெனடியருக்குப் பொத்தான் ஒற்றை ஒற்றையாக, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸுக்கு மும்மூன்றாக, ஐரிஷுக்கு நந்நான்காக, வெல்ஷுக்கு ஐயைந்தாக. எட்ட இருந்தே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம்.

நேற்று ராத்திரி உன் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தச் சிப்பாயின் நெஞ்சில் இரண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ். நீ அன்றைக்குச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய், கண்ணு.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா