அப்சிசிக் அமிலச் சோதனைக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியின் இலைப் புரோட்டோபிளாஸ்ட்டுகளில், அதாவது சுவர் நீக்கிய செல்களில், வறட்சியில் செடி சுரக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தின் சமிக்ஞையை, ஒளி உமிழச் செய்யும் லூசிஃபெரேஸ் நொதியால் அளக்கும் சோதனை எங்கள் ஆய்வகத்தில் இப்போது நிலையாக நடக்கிறது. அதற்குத் துணைநின்ற பலரின் பெயர் ஆய்வுக்கட்டுரையில் வராது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வளர்ப்பறையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்கு. சோதனையின் பாதி வெற்றி இலையில்தான் இருக்கிறது. தொட்டி காய்ந்தால் செடி தானே அப்சிசிக் அமிலத்தைக் கூட்டிக்கொள்ளும். அந்த இலைச் செல்லுக்குள் ஆர்.டி.29ஏ–லூசிஃபெரேஸ் பிளாஸ்மிட்டை, அதாவது இந்த ஹார்மோன் வந்தால் லூசிஃபெரேஸை உண்டாக்கும் டி.என்.ஏ. வளையத்தை, செலுத்தினால், நாம் ஹார்மோன் கொடுக்குமுன்பே ஒளிர்ந்துவிடும். அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? 22 டிகிரி, மிதமான ஒளி, வாடாத, பூக்காத 3–4 வாரச் செடி: இதை அவர் ஒருமுறையும் தவறவிட்டதில்லை.

இலையை நறுக்கித் தரும் மாணவிகளுக்கும் நன்றி. நடுப்பகுதியை மட்டும் 0.5 முதல் 1 மி.மீ. கீற்றுகளாக, புதிய பிளேடால் அறுக்க வேண்டும். வெட்டிய விளிம்பு நசுங்கிக் கரும்பச்சையாக ஈரம் கசிந்தால் அதை யோசிக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கண்டிப்புதான் வேண்டும்.

தாவர உயிரியலாளர் ஜென் ஷீனின் ஆய்வகம் 2007இல் விரிவாக வெளியிட்ட செய்முறைதான் எங்களுக்கு அடிப்படை. செல்சுவரைக் கரைக்கும் நொதிகளான செல்லுலேஸ் 1.5%, மாசரோசைம் 0.4%, அவற்றோடு 0.4 மோலார் மானிட்டால் கலந்த கரைசலை 55 டிகிரியில் 10 நிமிடம் வைப்பது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். நொதிப்பொடியோடு வரும் டி.என்.ஏ. சிதைப்பிகளையும் புரதச் சிதைப்பிகளையும் முடக்கவே அது. ஆறிய பிறகுதான் கால்சியம் குளோரைடும் பி.எஸ்.ஏ. புரதமும் சேர்க்க வேண்டும். பின் இலைக்கீற்றுகளை அதில் போட்டு அரை மணி நேரம் வெற்றிடத்தில், அடுத்து மூன்று மணி நேரம் இருட்டில், அசைக்காமல்.

அதிகம் சொதப்புவது, பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் நுழையவைக்கும் பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கட்டம். 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மிட், 100 மைக்ரோலிட்டரில் சுமார் 20,000 செல்கள், 110 மைக்ரோலிட்டர் பி.இ.ஜி.; குழாயை மெல்லத் தட்டிக் கலந்து 15 நிமிடம். பிப்பெட்டை வேகமாக இழுத்தால் செல்கள் வெடிக்கும். முனையை வெட்டி அகலமாக்கிக்கொள்வது நல்லது. பி.இ.ஜி. 4000-ஐ அன்றன்றைக்கே கரைத்துவைக்கும் தம்பிக்கு நன்றி. முழுதாகக் கரைய ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அவர் அதற்கென்றே முன்னதாக வந்துவிடுகிறார்.

கண்ணாடிச் சாமான்களைத் துலக்கும் அம்மாவின் உழைப்பு எங்கள் எண்களிலேயே தெரிகிறது. சோப்புப் பிசுக்கு துளி ஒட்டியிருந்தாலும் சுவரில்லாத செல்லின் சவ்வு கரைந்துபோகும். எங்கள் குடுவைகளை அவர் தனியாக வைத்து, வடிநீரில் பலமுறை அலசித் தருகிறார்.

விதைகளும் பிளாஸ்மிட்டுகளும் அனுப்பிய ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக அராபிடாப்சிஸ் வளமையத்துக்கும், ஒளிமானியைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து ஆய்வகத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அப்சிசிக் அமிலச் சமிக்ஞையை அடக்கும் ஏ.பி.ஐ.1 புரதத்துக்கான பிளாஸ்மிட்டைத் தந்ததும் பக்கத்து ஆய்வகத்தினர்தான். அதைச் சேர்த்துச் செலுத்தினால் ஒளி அடங்குகிறது. நாம் பார்ப்பது மெய்யான ஹார்மோன் சமிக்ஞை என்பதற்கு அது நல்ல சாட்சி. ஒவ்வொரு குழாயிலும் பிளாஸ்மிட் எவ்வளவு நுழைந்தது என்று ஒப்பிட உதவும் யு.பி.கியூ.10–கஸ் உள்கட்டுப்பாடு இல்லாமல் எந்த எண்ணையும் ஏற்க மாட்டேன் என்று நின்ற நண்பருக்கும், ஹார்மோனை எத்தனாலில் கரைத்துத் தருவதால், ஹார்மோன் தராத குழாயிலும் அதே அளவு எத்தனால் சேர்க்கச் சொன்னவருக்கும் நன்றி.

பிளாஸ்மிட் தயாரிப்பு மைக்ரோலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் செறிவில் உறைபெட்டியில் இருக்கிறது. தேவைப்படுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
புரோட்டோபிளாஸ்ட் குழுவினர்